ஏன்குட்டியும் முத்துமாரியும் நானும்

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர் வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். வராந்தாவில் மேசை போட்டுக் குழந்தைப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா, ஒன்றை எடுத்துப் புரட்டினேன். வழவழப்பான படப்புத்தகம். ஒரு சின்னப் பெண் ராக்கெட் செய்யப் பார்க்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் யாரையாவது பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். கடைசியில் மொட்டை மாடியிலிருந்து கிளம்பியே விடுகிறாள். நன்றாகத்தான் இருந்தது. அட்டையைத் திருப்பினேன். கதை எழுதியவர் பெயர் ஒரு வரி, படம் வரைந்தவர் பெயர் ஒரு வரி. இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன.

அந்த ஒரே அளவைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. யாரோ முகம் தெரியாத இரண்டு பேர், அவர்கள் பாட்டுக்கு ஒற்றுமையாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதற்கு எனக்கு ஏன் எரிய வேண்டும்? எரிந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது இருபது வருஷத்துப் பழைய எரிச்சல்.

புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. நானும் முகர்ந்தேன். எனக்கு மார்க்கர் பேனாவின் வாசனைதான் வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வயர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிச் சடைபோலப் பின்னித் தருகிற கம்பெனி. நான் வயர்நுனியைப் பிளாஸ்டிக் கொக்கிகளில் சொருகுகிறவள். எங்கள் எல்லார் தலைக்கு மேலும் ஒரு பட அட்டை தொங்கும். அதில் இரண்டு படம். இப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு படம், மேலே சிவப்பில் பெருக்கல் குறி. இப்படித்தான் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு படம், மேலே பச்சையில் ரைட். எழுத்து படிக்கவே தேவையில்லை. பச்சையைப் பார், செய். அவ்வளவுதான் எங்கள் படிப்பு. எங்கள் சூப்பர்வைசர் ஒருவர், "படத்தப் பாரும்மா, என் மூஞ்சியப் பாக்காத, என் மூஞ்சில ரைட் போட்டிருக்கா" என்பார். உண்மையில் அவர் முகத்தில் எப்போதும் சிவப்புக் குறிதான் இருக்கும்.

தங்கியிருந்தது சேரப்பணஞ்சேரியில். கோமளாக்காதான் வீட்டுக்காரம்மா. அவள் புருஷன் பாதி வயலை விற்றுவிட்டு, மீதியில் வரிசையாக அறைகள் கட்டி எங்களைப் போன்ற தென்மாவட்டத்துப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவரே எங்கள் கம்பெனி வேனும் ஓட்டினார். மழைக்காலத்தில் அறைக்குள் தவளை வரும். விரட்டினால் போகாது, அது பாட்டுக்கு உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பதுபோல இருக்கும்.

எனக்கு வாய் அதிகம். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், நம்ப வேண்டாம். அன்றைக்கெல்லாம் வேனில் ஏறியதும் ஆரம்பித்தால் இறங்கும்வரை பேச்சுத்தான். அந்த ஊர்ப் பேச்சை நான் அங்கிருந்துதான் பொறுக்கினேன். கோமளாக்கா கோபம் வந்தால், "உன் வாய்க்கு மெயின் சுச்சு எங்கமே கீது?" என்பாள். எனக்கு அது திட்டாகவே படாது. எவ்வளவு அழகாகக் கேட்கிறாள் என்று தோன்றும். அறைக்குப் போய் முத்துமாரியிடம் அதே குரலில் சொல்லிக் காட்டுவேன்.

முத்துமாரி என் அறைத்தோழி, சாத்தூர்க்காரி. லைனில் வயர்க்கட்டுக்குக் கறுப்பு டேப் சுற்றுகிற வேலை. அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்தால், வாயிலும் டேப் சுற்றிக்கொண்டாளோ என்று இருக்கும். நான் நூறு வார்த்தை பேசினால் அவளிடமிருந்து "ம்" என்று ஒன்று வரும். அந்த "ம்"முக்கு நான் நன்றியோடு இருந்தேன். இப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் வாயாடிக்கு வேறென்ன வேண்டும்? அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டும் இருக்கிறாள் என்பது அப்போது தெரியாது.

கோமளாக்காவின் மகள் பவித்ரா. பவி என்போம். பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்காத வயசு. காலை ஷிப்ட் முடிந்து நாங்கள் வந்து சேரும்போது வேன் நிற்கிற இடத்துக்கே ஓடி வந்துவிடுவாள். என் விரலைப் பிடித்துக்கொள்வாள். என் விரலைத்தான், முத்துமாரி விரலை அல்ல. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழியாக மீனம்பாக்கத்துக்கு இறங்கப் போகிற விமானங்கள் தாழ்வாகப் போகும். ஒருநாள் பவி அண்ணாந்து பார்த்து, "அது எங்கக்கா போய் தூங்கும்?" என்றாள்.

சாதாரண ஆள் என்றால், ஏர்போர்ட் என்று சொல்லி முடித்திருப்பார். நான் முடிப்பேனா? எதற்கும் ஏன் ஏன் என்று கேட்கிற ஏன்குட்டி என்று ஒரு பெண்ணைப் பிறப்பித்தேன். அவளுக்கும் இதே கேள்வி. கோழியைக் கேட்கிறாள், ஏரியைக் கேட்கிறாள், பனைமரத்தைக் கேட்கிறாள், எவருக்கும் தெரியவில்லை. விமானத்தையே கேட்டுவிடலாம் என்று ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஏறுகிறாள். அங்கிருந்து மேகம், மேகத்திலிருந்து விமானம். போய்க் கேட்டால், "எனக்கே தெரியாது, ஓட்டுறவங்களைக் கேளு" என்கிறது அது. அப்படியென்றால் நானே ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறாள். முடிவு மட்டும் தினம் ஒன்று. ஒருநாள் விமானத்தை மணிமங்கலம் கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவாள், ஒருநாள் கடலில் மிதக்க விடுவாள், ஒருநாள் அம்பாசமுத்திரத்துக்கே ஓட்டிக்கொண்டு போய் என் அம்மாவுக்குக் கையாட்டுவாள். பவி வாயைப் பிளந்து கேட்பாள். அறைக்குப் புதிதாகக் குடிவந்த பெண்கள்கூடத் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கம்பெனியில் நான் வெறும் சொருகல். அந்த ஒரு மணி நேரம் நான் பெரிய ஆள். அதற்காகத்தான் அந்த நாட்களில் வேனிலிருந்து குதித்து இறங்கினேன் என்று இப்போது தெரிகிறது.

பிறகு பவிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியே போய் வருகிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்று கோமளாக்கா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அந்த வரிசையில் ஒருவரும் தாளிக்கவில்லை. கடுகு வெடிக்கிற வாசனை ஆகாது என்பார்கள். வெறும் ரசமும் மோரும் ஓடிய நாட்கள். குழந்தை உள் அறையில் படுத்திருக்கிறது, நான் வெளியே. ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு தடவை கதையை ஆரம்பித்துப் பார்த்தேன். உள்ளே கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டியிருந்தது. "மாரியாத்தா ஓய்வா கீறா, நீ கூவிகினு கீற. போமே அந்தாண்ட" என்று கோமளாக்கா துரத்தினாள்.

என் குரல் போக முடியாத இடத்துக்கு முத்துமாரியின் படம் போனது.

மாடல் மாறியதால் குப்பைக்குப் போகவிருந்த பட அட்டைகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அவற்றின் வெள்ளைப் பின்பக்கத்தில், லைனில் தீர்ந்துபோகும் நிலையில் இருந்த சிவப்பு, பச்சை மார்க்கர்களாலும் ஒரு பால்பாயிண்ட் பேனாவாலும் என் கதை முழுவதையும் வரைந்துவிட்டாள். ஓரத்தில் ஓட்டை போட்டு வயர் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, முதுகுக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தாள். அந்த டேப் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அது தொழில்.

ஆனால் வரைந்த விதத்தைக் கேளுங்கள். எப்படிப் படம் போட்டுக் கதை சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யார் காட்டியிருக்கிறார்கள்? தலைக்கு மேல் தொங்கிய அட்டையைத்தான் பார்த்திருக்கிறாள். அப்படியே போட்டுவிட்டாள். இடது பக்கம் ஏன்குட்டி வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள், மேலே சிவப்புப் பெருக்கல். வலது பக்கம் அண்ணாந்து கேட்கிறாள், மேலே பச்சை ரைட். இடது பக்கம் தொட்டிக்குக் கீழே சும்மா நிற்கிறாள், பெருக்கல். வலது பக்கம் ஏணியில் ஏறுகிறாள், ரைட். கடைசிப் பக்கத்தில் விமானம் ஏரிக்கரையில் எருமைகளோடு படுத்துத் தூங்குகிறது. அதற்கும் ரைட்.

"எருமை எதுக்குட்டி?" என்றேன்.

"நீதான சொன்ன."

"அன்னைக்கு எனக்குத் தலவலி. ஏதோ ஒண்ணச் சொல்லி முடிச்சேன்."

"தலவலின்னு நீ சொல்லலையே புள்ள" என்றாள் முத்துமாரி. அந்த மாதத்திலேயே அவள் பேசிய நீளமான வாக்கியம் அது.

எத்தனை முடிவு சொல்லியிருப்பேன். கோபுரம், கடல், அம்மா. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எருமையைப் பிடித்துக்கொண்டாள். புத்தகம் ஜன்னல் வழியாக உள்ளே போனது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலை எடுத்து, பவி வெளியே வந்தபோது அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வேன் அருகில் ஓடி வந்தவள் என்னைத் தாண்டிப் போய் முத்துமாரியின் விரலைப் பிடித்தாள். அவளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது, படக்கா. நான் என்ன? "அந்தக்கா." இத்தனை நாள் என்னை அக்கா என்று மட்டும் கூப்பிட்ட குழந்தைக்கு, இப்போது எந்த அக்கா என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் கதையை ஆரம்பித்தால் குறுக்கே கையை நீட்டும். "புக்குல அப்டி இல்ல." கோபுரம் என்றால், "ராங்கு." கடல் என்றால், "ராங்கு." எருமை என்று நான் பல்லைக் கடித்துச் சொன்ன பிறகுதான், "ரைட்டு." கம்பெனியில் பட அட்டை என் கையை ஆட்டிவைத்தது போதாதென்று வீட்டிலும் என் வாயை ஆட்டிவைத்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கூடினார்கள். முத்துமாரி நடுவில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தைப் புரட்டுவாள், பிள்ளைகளே கத்துவார்கள். பேசாமலே பெயர் வாங்குகிறவளைப் பார்த்தால் பேசியே பிழைக்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அவள் சாப்பிடும்போது அந்த மென்கிற சத்தம்கூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள் என்னவோ எப்போதும் போலத்தான் மென்றாள்.

அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம். முத்துமாரிக்கு ஓட்டி, கூடுதல் வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் வேனில் வந்து இறங்கினால் தெருமுனையில் கூட்டம். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில், பவி உட்கார்ந்திருந்தாள். கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறியிருக்கிறது. ஏணியின் அடிக்கம்பியில் அந்தப் புத்தகத்தை, பச்சை ரைட் போட்ட ஏணிப் பக்கம் தெரியும்படி, ஒரு துண்டு வயரால் கட்டி வைத்திருந்தது. லைனில் அட்டையைத் தொங்கவிடுவோமே, அதேபோல. படத்தைப் பார்த்து வேலை நடந்திருக்கிறது.

யாராவது ஏணியைத் தொட்டால் குழந்தை ஒரு கம்பி மேலே போனது. அதனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோமளாக்கா என்னைப் பார்த்ததும் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

"பவி, எறங்கி வா கண்ணு. நான் கதை சொல்லுதேன்" என்றேன்.

"நீ வாணாம். படக்காவ கூப்டு."

அந்த நிலைமையிலும், குழந்தை விழுந்துவிடுமோ என்கிற நேரத்திலும், எனக்குள் ஒன்று சுருக்கென்றது. ஊர் முன்னால் சொல்கிறதே! ஆனால் அந்தச் சுருக்குத்தான் என் வாயைத் திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"படக்கா ஓட்டிக்குப் போயிருக்கா. சரி, நீ மேல போனதும் ஏரோப்ளேன் உன்ன ஒண்ணு கேக்கும். அது என்னன்னு தெரியுமா?"

"இன்னா கேக்கும்?"

"நீ எந்த ஊருன்னு கேக்கும். அந்த ஊரு மண்ணுல நின்னுதான் பதில் சொல்லணும். ஏணில இருந்து சொன்னா அதுக்குக் கேக்காது, எஞ்சின் சத்தம்."

பவி யோசித்தது. "புக்குல அது இல்லியே."

"தாள் தீந்துபோச்சு. அதான் வரையல."

தாள் தீரும் என்பது அந்தக் குழந்தைக்கு நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு கம்பியாக இறங்கிற்று. கை எட்டியதும் கோமளாக்கா பறித்து எடுத்து, முதுகில் ஒன்று வைத்து, அழுதுகொண்டே அணைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பயத்தில் பாதி, பெருமையில் பாதி. தாளில் இல்லாததை என் வாய் சொல்லிக் குழந்தையை இறக்கிற்று.

கோமளாக்கா ஏணியிலிருந்து புத்தகத்தைப் பிய்த்தெடுத்தாள். "யாரு இத்த பண்ணது? ஏணில ஏறுன்னு கொயந்தைக்கு ரைட் போட்டுக் குடுத்துகீறாங்க." யாரோ முத்துமாரியின் பெயரைச் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். திட்டு முழுவதும் அவளுக்குப் போயிருக்கும். ஆனால் திட்டும்போதுகூட என் கதை அவள் பெயரில் போகிறதே என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

"கதை என்னுதுக்கா. ஏணில ஏறச் சொன்னது நாந்தான். அவ வெறுமன வரஞ்சா" என்றேன்.

கோமளாக்கா என்னை உற்றுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ மேல பழி வந்துடக்கூடாதுன்னு நீ ஏத்துக்கிறியா? உன் மனசு யாருக்கு வரும்மே?" என்றாள். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். என்ன சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. வேலை முடிந்து வந்த முத்துமாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்காகப் பேசுனியாமே புள்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? அன்று என் வாயிலும் டேப்தான்.

என் வெற்றி மறுநாள்வரைகூடத் தாங்கவில்லை. முத்துமாரி புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தைத் திருத்தி, ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்திருந்தாள். ஏணியில் தனியாக ஏறுகிற ஏன்குட்டிக்குப் பச்சையை அடித்துச் சிவப்புப் பெருக்கல். மண்ணில் கால் ஊன்றி, விமானத்துக்கு ஊர்ப்பெயர் சொல்கிற ஏன்குட்டிக்குப் பெரிய பச்சை ரைட். கோமளாக்காவே பாராட்டினாள். தொட்டியடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சொன்னது, பொழுது விடிவதற்குள் புத்தகத்துக்குள் போய்ப் படக்காவுடையதாகிவிட்டது. பிள்ளைகள் அதையும் கத்தினார்கள், "ரைட்டு."

முத்துமாரியின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். போகிற அன்று பவிக்குக் கன்னத்தில் முத்தம், எனக்கு ஒரு "ம்." பஸ் ஏறிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது, மறைக்க மாட்டேன். இனி குழந்தை எனக்கு என்று நினைத்தேன். அன்று மாலை பவி புத்தகத்தோடு வந்து என் மடியில் உட்கார்ந்தது. "படக்கா இல்ல, நீ சொல்லு." ஆசையாக ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திற்று. "நீ தப்பு தப்பா சொல்றக்கா." என் கதையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நானும் ஒழுங்காக எருமைவரை போய் முடித்தேன்.

அதற்குப் பிறகு நான் வேறு கம்பெனி மாறினேன், கல்யாணம் ஆயிற்று, படப்பை பக்கம் குடிவந்தேன். சென்ற வருஷம் பஸ் ஸ்டாண்டில் கோமளாக்காவைப் பார்த்தேன். அறைகள் இருந்த இடத்தில் நாலு மாடி ஹாஸ்டலாம், வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கிறார்களாம். தொட்டியை இடித்துவிட்டார்களாம். பவி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த மழையில் பீரோவோடு அந்தப் புத்தகமும் ஊறிக் கரைந்துபோயிற்றாம். "அத்த வெச்சிகினு அப்டி அய்தா, அவ்ளோ பெரிய பொண்ணு" என்றாள். சங்கடமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு ஓரம் லேசாயிற்று. ஒழிந்தது, இனி கதை என்னுடையது.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே மகளை உட்காரவைத்துச் சொன்னேன். கோழி, ஏரி, பனைமரம். சொல்லச் சொல்ல என் கண்முன் ஓடியதெல்லாம் பால்பாயிண்ட் கோடுகள். ஏன்குட்டி திரும்பினால் முத்துமாரி போட்ட ரெட்டைச் சடைதான் ஆடுகிறது, அவள் போட்ட உருண்டைக் கண்தான் விழிக்கிறது. அவள் வரைவதற்கு முன்னால் என் ஏன்குட்டிக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன். யாருக்கும் சொன்னதில்லை, சொல்லத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன். மூக்கு எப்படி இருந்தது, சிரித்தால் எப்படி இருப்பாள், என் ஊர்ச் சாயலா, இந்த ஊர்ச் சாயலா? எவ்வளவு கண்ணை மூடிப் பார்த்தும் அந்த முகம் வருவதில்லை.